நர்ஸம்மா வண்டிக்கு ஒரு பிஸ்டன்

வண்டியின் பிஸ்டன் மூன்று துண்டாக என் கைக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவி உம்மு ஹபீபாவுக்கு ஏழாம் மாதம். துண்டுகளைக் கொண்டுவந்தவர் சவேரியார் அண்ணன். ஒரு பழைய வேட்டித் துணியில் முடிந்து எடுத்துவந்து, என் பட்டறை மேசையில் அவிழ்த்து வைத்தார்.

வண்டி ஓடியதெல்லாம் அவர் தங்கை நர்ஸம்மா ஜோதிமேரிக்காகத்தான். உச்சிப்புளியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் இருபது ஊருக்குப் பிரசவம் பார்க்கிற அம்மா அவர். சவேரியார் அண்ணன் யுத்தத்தில் பட்டாளத்துக்குத் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டபோது, தான் ஓட்டியதைப் போலவே ஒரு வண்டியை சைடுகாரோடு எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அண்ணன் ஓட்டுவார், தங்கை பக்கத்துப் பெட்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். பத்து வருஷமாக அந்தச் சத்தம் கேட்டாலே எந்த ஊரிலும் பெண்கள் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் பெரியபட்டினம். உச்சிப்புளிக்கும் எங்களுக்கும் நடுவில் பத்து மைல் மணல். மாட்டுவண்டி மூன்றரை மணி நேரம் எடுக்கும். ராமநாதபுரத்து வாடகைக் கார்க்காரர் ஒருவர் ஒரே ஒரு தடவை வந்தார். அச்சு வரைக்கும் புதைந்து, பதினைந்து பேர் தூக்கிவிட்ட பிறகு, இனி இந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த சைடுகார் வண்டி மட்டும்தான் முக்கால் மணி நேரத்தில் வந்து சேரும்.

அந்த வண்டியின் உயிர்தான் மூன்று துண்டாக என் மேசைமேல் கிடந்தது.

எங்களுக்கு முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி இரண்டு நாள் பார்த்தாள்; பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதும் குறுக்கே. இந்தத் தடவை விடக்கூடாது என்று நானும் மாமியார் சாலிஹாவும் ஹபீபாவை மாட்டுவண்டியில் ஏற்றி உச்சிப்புளிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில், ஒரு பனங்காட்டு ஓரத்தில், வண்டிக்குள்ளேயே எல்லாம் முடிந்துபோனது. நர்ஸம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹபீபாவைக் காப்பாற்றத்தான் அவருக்கு வேலை மிச்சமிருந்தது.

"குறுக்கே கெடக்குற பிள்ளைய வெளியில இருந்தே கையால திருப்பிரலாம்யா. நான் பல தடவ திருப்பியிருக்கேன். வலி எடுக்கையிலதான் திருப்பணும், முன்னாடியே திருப்புனா மறுபடி குறுக்கே போயிரும். ஆனா பனிக்குடம் உடைஞ்சு நாலு மணி நேரத்துக்குள்ள நான் அங்கன இருக்கணும். அப்புறம் கருப்பை இறுக்கிப் பிடிச்சிரும்" என்றார் நர்ஸம்மா.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். கேட்பதற்கென்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? நானும்தான் கேட்டேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன். ஹபீபா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இன்னொரு தரம் என்னைய மாட்டுவண்டியில ஏத்துனா நான் உசுரோட எறங்க மாட்டேன்." அந்தப் பனங்காட்டை நானும் பார்த்தவன். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

ஆக, இந்த மூன்றாவது பிள்ளையும் குறுக்கே கிடந்தால் திருப்ப நர்ஸம்மா வர வேண்டும். வர வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் பிஸ்டன் வேண்டும்.

மதராஸில் பெரிய கடைக்கு எழுதிப் போட்டோம். அந்த மாடலைச் செய்வதைச் சீமையிலேயே நிறுத்திவிட்டார்கள், எங்கேயாவது பழைய சரக்கு கிடந்தாலும் லைசென்ஸ் வாங்கிக் கப்பலில் வர ஒரு வருஷம் ஆகலாம் என்று பதில் வந்தது. பதிலை மடித்து அடுப்பில் போட்டேன். பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்குமா?

"அப்ப நானே செய்றேன்" என்றேன் சவேரியார் அண்ணனிடம்.

"பிஸ்டனையா? ஏலே, அது என்ன கொழுக்கட்டையா, கையால பிடிச்சு வைக்க?"

"பார்த்துக்கிட்டே இருங்கண்ணே."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுஐபு. பாம்பனில் லாஞ்சுகளில் பதினாறு வருஷம் எஞ்சின் பார்த்தவன். நடுக்கடலில் உடைந்த சாமானை அங்கேயே அரத்தால் ராவித் தேய்த்து மாட்டி லாஞ்சைக் கரைக்குக் கொண்டுவந்தவன். பிறகு சொந்த ஊரில் இரும்பு கடையும் பழைய லேத்து ஒன்று வாங்கி, ஆயில் எஞ்சினில் பெல்ட் மாட்டி, பட்டறை வைத்தேன். இந்தக் கரையில் இரும்பு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இதை நான் அடக்கமில்லாமல் சொல்கிறேன். அந்தத் தலைக்கனம் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதலில் வண்டியின் சிலிண்டரைக் கழற்றி அளந்தேன். பத்து வருஷ மணல் அதன் உள்வட்டத்தை முட்டை வடிவத்துக்குத் தேய்த்திருந்தது. லேத்தில் கட்டி, கடைந்து, மறுபடி வட்டமாக்கினேன். இப்போது அது முன்பைவிடப் பெரிய வட்டம். அந்த அளவுக்குப் பிஸ்டன் உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. என் கையால் ஒன்றே ஒன்று பிறக்க வேண்டும்.

பரமக்குடி பஸ் ஷெட்டுக்குப் போய் லாரிகளின் உடைந்த அலுமினியப் பிஸ்டன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். சட்டிப்பானை அலுமினியம் ஆகாது, அது மெழுகு. பிஸ்டனை உருக்கித்தான் பிஸ்டன் வார்க்க வேண்டும். பூவரசங்கட்டையில் உருவம் கடைந்தேன். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். சிரட்டைக் கரியை மூட்டி, துருத்தி ஊதி, உருக்கி, அச்சில் ஊற்றினேன்.

ஆறியதும் உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க ஓட்டை. இடியாப்ப உரல் தோற்றது. கடல்மணலில் அச்சு எடுத்திருந்தேன். ஏழு தடவை நல்ல தண்ணீரில் அலசியும் உப்பு போகவில்லை போலிருக்கிறது, சூட்டில் பொங்கிவிட்டது. இரண்டாவது வார்ப்பை ஓடை மணலில் எடுத்தேன். லேத்தில் கடையும்போது கால்வாசியில் ஒரு வெடிப்பு எட்டிப் பார்த்தது. உளியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். சுவரில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

ஹபீபாவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. ஊரில் எனக்குப் "பிஸ்டன் சுஐபு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிவாசலில் கை கால் கழுவும் இடத்தில்கூட, "என்ன பாய், குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று விசாரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போதும் கண்ணுக்குள் அந்த வட்டமே நின்றது. கையேந்திக் கேட்கும் துஆவில் பிள்ளையைக் கேட்டேனா, பிஸ்டனைக் கேட்டேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஹபீபா மட்டும் கேலி செய்யவில்லை. சாப்பிட உட்காரும்போது கேட்பாள்: "இன்னைக்கு என்னாச்சு?"

"வெடிச்சிருச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு வெடிக்காது."

"சரி, சாப்பிடுங்க" என்பாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு என்மேல்.

மூன்றாவது அச்சுக்கு, ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயிலிருந்து ஒரு மூட்டைக் களிமண் வரவழைத்தேன். பால் மாதிரி வழவழப்பான மண். அதைக் காயவைத்து இடித்து, சலித்து, ஓடை மணலோடு பிசைந்து அச்சு எடுத்தேன். அச்சை இரண்டு நாள் தணலில் வாட்டிய பிறகுதான் ஊற்றினேன். உடைத்துப் பார்த்தபோது ஊசி குத்த இடமில்லாமல் நின்றது வார்ப்பு. பட்டறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். முப்பத்தெட்டு வயது ஆள் ஒரு அலுமினியக் கட்டியைக் கட்டிக்கொண்டு அழுததை யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்களை லாஞ்சு எஞ்சினின் பழைய வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து அறுத்தேன். ஆறில் நான்கு உடைந்து இரண்டு தேறின. நடுவில் போகும் பின் ஆணியை ஒரு எஃகுத் தண்டிலிருந்து கடைந்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். கடைசியாக, பிஸ்டனின் வெளிப்பக்கத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் வேலை. அங்கேதான் நான் என் கையையே நம்பினேன்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். சூட்டில் பிஸ்டன் பருக்கும். இடம் இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். லாஞ்சில் நாங்கள் விடுவது ஒரு தலைமுடி கனம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் பருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால் ஒன்றரை முடி விட்டேன். எண்ணெய் தடவி சிலிண்டருக்குள் இறக்கினேன். வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல, சத்தமே இல்லாமல் இறங்கியது.

சவேரியார் அண்ணன் அதைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

"இறுக்கமா இருக்கே தம்பி. பட்டாளத்துல இந்த வண்டிகள காலையில கிளப்பினா உள்ள கடகடன்னு ஆடும். சூடேறுனாத்தான் சத்தம் அடங்கும்."

"கடகடன்னு ஆடுனா அது வேலையாண்ணே? என் பட்டறையில இருந்து ஆடுற சாமான் எதுவும் வெளிய போனதில்ல."

அவர் ஓட்டுகிறவர், நான் செய்கிறவன். லாஞ்சின் எஞ்சினைச் சுற்றி எந்நேரமும் கடல்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிளைச் சுற்றி வெறும் காற்றுதான் என்பதை என் மூளை அறிந்திருந்தது. என் கைக்கு அது தெரியவில்லை. பதினாறு வருஷம் குளிர்ந்த இரும்பிலேயே பழகிய கை அது.

வண்டி கிளம்பியது. மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டு, தையல் மெஷின் மாதிரி ஓடியது. கடற்கரையோரம் காலைக் காற்றில் இரண்டு மைல் ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறை இல்லை. நர்ஸம்மா வந்து சைடுகாரைத் தட்டிக்கொடுத்து, "இனி ஹபீபாவுக்குப் பயமில்ல" என்றார். சவேரியார் அண்ணன் மட்டும், "புது பிஸ்டன் பழகுற வரைக்கும், ஒரு மாசம், நடை வேகத்துலதான் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டு உச்சிப்புளிக்கு எடுத்துப் போனார்.

ஒரு மாதம் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், காலை எட்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது.

சாலிஹா மாமி கத்தியதும் நான் சைக்கிளை எடுத்தேன். வேறு யாரையும் அனுப்ப மனம் ஒப்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது ஹபீபா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "போயிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள். பத்து மைல் மணலில் பாதி தூரம் மிதித்தேன், பாதி தூரம் உருட்டிக்கொண்டு ஓடினேன். உச்சிப்புளியில் போய் விழுந்தபோது ஒன்பதரை. நாக்குத் தள்ளிவிட்டது. நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தே பையை எடுத்துவிட்டார்.

அண்ணன் பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றிச் சரிபார்த்துக் கிளப்பும்போது மணி பத்து. சவேரியார் அண்ணன் ஓட்ட, நர்ஸம்மா சைடுகாரில், நான் பின்னால். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டேன். மூன்று பேர் பாரம், பங்குனி வெயில், எஞ்சினில் படாமல் பின்பக்கமிருந்து வீசும் காற்று. வண்டி மணலில் முனகிக்கொண்டு போனது.

"முடுக்குங்கண்ணே."

"இதுக்கு மேல வேண்டாம் தம்பி. புது சாமான்."

"பன்னெண்டு மணிக்குள்ள அங்கன இருக்கணும்ண்ணே!"

"முக்கால் மணியில போயிரலாம். பேசாம வா."

பேசாமல் வர முடிந்தால் நான் மனுஷனா? கணக்கு சரியாகத்தான் இருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு பனங்காடு இருந்தது. அவர் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னேன், கத்தினேன், "ஒங்க வீட்டுப் பொம்பளயா இருந்தா இப்படி ஓட்டுவீகளா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கைப்பிடியைத் திருகினார். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பாதி வழியில், ஒரு ஊருணிக் கரையைத் தாண்டும்போது, கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டு விழுந்ததுபோல் நின்று, வண்டி பக்கவாட்டில் இழுத்து மணலில் செருகியது. நான் தூக்கி எறியப்பட்டேன். எழுந்து வந்து உதைக்கும் கட்டையை மிதித்தேன். அசையவில்லை. ஏறி நின்று மிதித்தேன். கல்மாதிரி நின்றது. பிஸ்டன் பருத்து சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. என் பிஸ்டன். என் ஒன்றரை முடி.

சவேரியார் அண்ணன் இறங்கி, எஞ்சின் பக்கத்தில் கையைக் காட்டிச் சூடு பார்த்தார். பதற்றமே இல்லை.

"சிக்கிருச்சு. ஒண்ணும் பயமில்ல. யுத்தத்தப்ப பாலைவனத்துல எனக்கு இது பத்து தடவ நடந்திருக்கு. யாரும் தொடாதீக. அரை மணி சும்மா விட்டா ஆறிச் சுருங்கி அதுவாவே விட்டுரும். மெதுவா ஓட்டிப் போயிரலாம்."

"அரை மணியா?"

"அரை மணிதான். இப்ப பத்தரை. பதினொண்ணரைக்கு ஒங்க வீட்டு வாசல்ல நிக்கலாம். இங்கன வந்து நெழல்ல உக்காரு."

அவர் ஒரு கருவேல மரத்தடியில் போய் உட்கார்ந்தார். நர்ஸம்மாவும் சைடுகாரிலிருந்து இறங்கி, பையைத் திறந்து ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஒருத்தி பாயில் கிடக்கிறாள். இங்கே மரத்தடியில் உட்கார்ந்து காற்று வாங்குவதா? யா அல்லாஹ், அந்த அரை மணி நேரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஐந்து நிமிஷம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சிலிண்டரிலிருந்து அனல் என் முழங்காலில் அடித்துக்கொண்டே இருந்தது.

லாஞ்சில் எஞ்சின் காய்ந்துவிட்டால் நாங்கள் யோசிப்பதே இல்லை. தண்ணீர் போகும் குழாயைப் பாசி அடைத்திருக்கும், எஞ்சின் கொதிக்கும். கையெட்டும் தூரத்தில் கடல். வாளியில் மொண்டு மேலே ஊற்றுவோம், புகை கிளம்பும், ஆறும், கிளப்புவோம். அந்த எஞ்சின் சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், தாங்கிக்கொள்ளும். நூறு தடவை ஊற்றியிருப்பேன். பாம்பனில் பிறந்து வளர்ந்த எந்த லாஞ்சுக்காரனும் ஊற்றியிருப்பான்.

நர்ஸம்மா கை கழுவும் எனாமல் பேசின் சைடுகாரில் இருந்தது. நான் அதை எடுத்தேன். ஊருணியில் இறங்கி, நிறைய மொண்டுகொண்டு வந்தேன்.

"ஏலே! ஊத்தாதடா!" என்று சவேரியார் அண்ணன் மரத்தடியிலிருந்து எழுந்தார்.

ஊற்றிவிட்டேன்.

ஒரு பெரிய சீறல். ஆவி முகத்தில் அடித்தது. அதற்குள்ளே, "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வீட்டில் கொதிக்கும் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றும்போது கேட்குமே, அந்தச் சத்தம்தான். ஆவி விலகியபோது சிலிண்டரின் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நான் கடைந்து கடைந்து வட்டமாக்கிய சிலிண்டர். எண்ணெய் அந்தக் கோட்டின் வழியாக மெதுவாகக் கசிந்தது.

சவேரியார் அண்ணன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். "நடய்யா" என்றார்.

ஐந்து மைல். நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், கனத்த உடம்பு. மணல் காலைக் கணுக்கால்வரை இழுத்தது. பையை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு இடத்தில் அவர் செருப்பு அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். பங்குனி மாதத்து மணல் அது. நான் என் துண்டைக் கிழித்து அவர் காலில் சுற்றிக் கட்டினேன். நான்கு மைல் தாண்டி ஒரு உப்பு வண்டி எதிரே வந்தது. மாட்டைத் திருப்பச் சொல்லி வண்டிக்காரர் காலில் விழுந்தேன். அவர் திருப்பி ஏற்றிக்கொண்டார். மாடுகள் நம் அவசரத்துக்கா நடக்கும்? நான் இறங்கி, சக்கரத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். தூரத்தில் எங்கள் பள்ளிவாசலில் ளுஹர் பாங்கு கேட்டது. பன்னிரண்டரை ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாங்கு முடிகிற வரைக்கும் நான் தள்ளுவதை நிறுத்தவில்லை.

நர்ஸம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து வந்தவர், கையைத் துடைத்தபடி சொன்னார்: "ஹபீபாவுக்கு ஆபத்தில்ல. பிள்ளை இல்லய்யா. ஆம்பளப்பிள்ளை."

பிறந்து அழாத பிள்ளைக்கு எங்களில் இறந்தவர்களுக்கான தொழுகை கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றி, பொழுது சாயும் அஸர் தொழுகைக்கு முன்னால் நானே கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தேன். என் இரண்டு உள்ளங்கைக்கும் கொஞ்சம் நீளமாக இருந்தான். குறை ஒன்றும் இல்லாத பிள்ளை. நகம்கூட முளைத்திருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். நஸீபு, தலையெழுத்து என்றார்கள். கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்றார்கள். சவேரியார் அண்ணன் மறுநாள் வந்து திண்ணமாகச் சொன்னார்: "வழியில வண்டி நின்னுபோச்சு. பழைய வண்டி. என்ன செய்ய?" அவ்வளவுதான் சொன்னார். நர்ஸம்மாவும் மாமியிடம் அதையேதான் சொல்லியிருந்தார். ஊருணிக் கரையில் நடந்தது எங்கள் மூன்று பேரோடு போய்விட வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். என்மேல் இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள். அந்த இரக்கம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் ஹபீபா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாமி பத்தியக் குழம்பு வைக்க அடுப்படிக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏன் இப்படிச் சோறு தண்ணி இல்லாம கெடக்கீக? வண்டி நின்னதுக்கு நீங்க என்ன செய்வீக? நம்ம நஸீபு."

அதை அப்படியே விட்டிருக்கலாம். அவள் எனக்குத் திறந்துவைத்த கதவு அது. நுழைந்து தப்பித்திருக்கலாம்.

"நஸீபு இல்ல ஹபீபா" என்றேன். "நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்டனை இறுக்கமாகக் கடைந்ததை, சவேரியார் அண்ணனை வைது முடுக்கியதை, அது சிக்கியதை, அவர் சும்மா இருக்கச் சொன்னதை, நான் பேசினில் தண்ணீர் மொண்டு ஊற்றியதை. ஒன்றையும் விடவில்லை. அவள் திட்டுவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அதில் எது நடந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சும்மா விட்டிருந்தா ஓடியிருக்குமா?" என்று கேட்டாள்.

"ஓடியிருக்கும்."

"எம்புட்டு நேரம் விடணும்?"

"அரை மணி."

அவள் தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். எடுத்தாள்.

"ளுஹர் பாங்கு சொல்ற வரைக்கும் அவன் அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தான்" என்றாள். "அரை மணிதானே. நாங்க ரெண்டு பேரும் இங்கன பொறுத்துக்கிட்டுத்தானே கெடந்தோம்."